வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசச் சொல்கிறார்கள்: தென்காசி வாசகிக்குப் பதில்

கேள்வி: துபாயில் ஒன்பது ஆண்டுகள் இருந்துவிட்டு, இந்த ஏப்ரலில் பிள்ளைகளுடன் தென்காசிக்கே திரும்பிவிட்டேன். கணவருக்குச் சொந்த ஊர் புனலூர். இன்னும் இரண்டு ஆண்டு அவருக்கு வேலை துபாயில்தான். பிள்ளைகளிடம் நான் தமிழில் பேசுவேன், அவர் மலையாளத்தில் பேசுவார். மகளுக்கு ஒன்பது வயது. துபாயில் ஆங்கிலவழி சிபிஎஸ்இ பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். ஹிந்தியும் அரபியும் படித்தாள்; தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. ஆச்சி எது கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறாள். மகனுக்கு நாலரை வயது. பேச்சு குறைவு. பேசினாலும் "எனிக்கு தட் பந்து வேணும்" என்று மூன்று மொழியையும் கலந்துவிடுகிறான். திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள ஒரு பன்னாட்டுப் பள்ளிக்குச் சேர்க்கைக்காகப் போனோம். படம் காட்டிக் கேட்டதில் இவன் பாதிக்குப் பதில் சொல்லவில்லை, தண்ணீர்ப் படத்தைப் பார்த்து "வெள்ளம்" என்றான். "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், மற்ற மொழிகள் குழப்பும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பள்ளிக்கு வேனில் ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம். என் அப்பாவோ, "மலையாளத்தை விட்டுவிடு, தமிழும் ஆங்கிலமும் போதும்" என்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி இருக்கிறது. நான் படித்த அரசு உதவி பெறும் தமிழ்வழிப் பள்ளி தெருமுனையிலேயே இருக்கிறது. எதில் சேர்ப்பது? எந்த மொழியை விடுவது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பள்ளி திறக்க நாள் இருக்கிறது. இது இன்று இரவே தெரிந்தாக வேண்டியது. எந்த மொழியையும் விடாதீர்கள். நீங்கள் தமிழிலேயே பேசுங்கள், அவர் மலையாளத்திலேயே பேசட்டும். பள்ளியில் சொன்னார்கள் என்பதற்காகக் கடந்த சில நாட்களாக மகனிடம் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியிருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

பாளையங்கோட்டையில் குழந்தைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி அளிப்பது என் தொழில். இந்த "ஒரே மொழி" அறிவுரையை இவ்வளவு அழுத்தமாக மறுக்க எனக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் நானே அதைச் சொல்லியிருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். மூன்றரை வயதுப் பையன், பேச்சு தாமதம். "தெலுங்கை நிறுத்திவிட்டுத் தமிழ் மட்டும் பேசுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார்கள். தமிழ் வளரவில்லை. வீட்டில் என்ன நடக்கிறது என்று விசாரித்தபோது அந்தத் தாய் சொன்னார்: "அவ்வாவுக்கு (பாட்டிக்கு) தமிழில் கதை சொல்ல வராது. அதனால் அவனிடம் 'வா', 'சாப்பிடு' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கிறார்கள்." மாடு எங்கே போனது, மழை ஏன் வரவில்லை, யார் வீட்டில் என்ன குழம்பு என்று அந்தக் குழந்தையின் காதில் நாள் முழுவதும் விழுந்துகொண்டிருந்த பேச்சை என் ஒரு வரி அறிவுரை நிறுத்திவிட்டது. அந்த அவ்வாவிடம் மன்னிப்புக் கேட்டேன். தெலுங்கில் பேசச் சொல்லி மறுபடி தொடங்கினோம். இன்றும் ஒவ்வொரு தாயிடமும் பேசும்போது அந்த முகம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

குழந்தைக்கு வேண்டியது நிறைந்த பேச்சு. அதைத் தரக்கூடியவர், தனக்கு முழுதாகக் கைவரும் மொழியில்தான் தர முடியும். ஆங்கிலத்தில் நீங்கள் அலுவலகக் கடிதம் எழுதுவீர்கள், வங்கியில் பேசுவீர்கள். ஆனால் இரவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதலும், கோபமும், கொஞ்சலும், ஊர்க்கதையும் உங்களுக்குத் தமிழில்தானே வரும்? அதைப் பூட்டி வைத்துவிட்டு எண்ணி எண்ணி ஆங்கிலம் பேசினால் மகனுக்குக் கிடைப்பது வற்றிய பேச்சு.

இனி உங்கள் மகனின் வாக்கியத்துக்கு வருகிறேன். "எனிக்கு தட் பந்து வேணும்." நீங்கள் இதைக் குழப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இதை இரண்டு மூன்று முறை வாசித்து மகிழ்ந்தேன். யாருக்கு என்பது முதலில், எது என்பது அடுத்து, பொருள் அதன்பின், வினை கடைசியில். தமிழ், மலையாளம் இரண்டுக்கும் பொதுவான வரிசை துளியும் பிசகவில்லை. நான்காம் வேற்றுமை உருபு சரியாக இருக்கிறது. சொற்களை மூன்று பெட்டிகளிலிருந்து எடுத்திருக்கிறான், இலக்கணத்தை உடைக்கவில்லை. பல மொழிகளோடு வளரும் குழந்தைகள் கலந்து பேசுவது இயல்பு. எதிரில் இருப்பவருக்கு எந்த மொழி புரியும் என்பதைப் பார்த்துப் பார்த்து, மெல்லத் தாமாகவே பிரித்துக்கொள்வார்கள்.

அந்தப் பள்ளியில் "வெள்ளம்" என்ற பதிலைத் தவறு என்று குறித்திருப்பார்கள். 2023 டிசம்பருக்குப் பிறகு தாமிரபரணிக் கரையில் இருக்கும் நமக்கு அந்தச் சொல் வேறு கனம் கொண்டது. ஆனால் மலையாளத்தில் அது குடிக்கும் தண்ணீர். அப்பா மொழியில் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறான்; கேட்டவருக்கு அது தெரியவில்லை. ஒரு குழந்தைக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று கணக்கெடுக்கும்போது அவன் மொழிகள் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆங்கிலத் தாளை மட்டும் வைத்து அளந்தால் தமிழில் நூறு, மலையாளத்தில் நூறு தெரிந்த பிள்ளையும் பின்தங்கியவனாகத்தான் தெரிவான். நீங்களே ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். சமையலறை அலமாரியில் ஒரு தாள் ஒட்டி, அவன் தானாகச் சொல்லும் சொற்களை எந்த மொழி என்று பார்க்காமல் எழுதிக்கொண்டே வாருங்கள். சிரட்டை என்றால் அது எந்த மொழிச் சொல் என்று உங்களுக்கே பிரிக்க வராது, அது நம் ஊருக்கும் புனலூருக்கும் பொதுச் சொத்து.

ஆனாலும் "பேச்சு குறைவு" என்று நீங்கள் எழுதியதை நான் தள்ளிவிடவில்லை. பல மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. உண்மையான தாமதம் இருந்தால் அது குழந்தையின் எல்லா மொழிகளிலும் தெரியும். பழியை மொழிகள் மீது போட்டுவிட்டு, இருக்கும் காரணத்தைக் கவனிக்காமல் விடுவதுதான் ஆபத்து. ஆகவே முதல் வேலையாகக் காதைப் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் சிறு பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, வெளியே தெரியாமலே கேட்கும் திறன் மந்தமாவது உண்டு. குற்றாலச் சாரல் தொடங்கினால் சளியும் கூடவே வந்துவிடும், அதற்கு முன் போய்விடுங்கள். திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். இந்த வயதில் விளையாட்டுப் போலவே, சத்தம் கேட்டால் கட்டையைப் போடச் சொல்லிச் சோதிப்பார்கள், பயப்பட ஒன்றுமில்லை. அதோடு சிலவற்றை நீங்களே கவனித்து எழுதுங்கள்: முதுகுக்குப் பின்னால் நின்று மெல்லக் கூப்பிட்டால் திரும்புகிறானா, அறிமுகமில்லாதவர்களுக்கு அவன் பேச்சு பெரும்பாலும் புரிகிறதா, "அறைக்குப் போய்ச் செருப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வா" என்று ஒரே மூச்சில் சொன்னால் செய்கிறானா. தமிழில், மலையாளத்தில் இரண்டிலுமே தடுமாறுகிறான் என்றால் காத்திருக்காமல் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். அவரும் ஒரு மொழியை நிறுத்தச் சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

மலையாளத்தை விடச் சொல்லும் உங்கள் அப்பாவிடம் ஒரு செய்தியை நினைவூட்டலாம். தென்காசியிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் செங்கோட்டை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். இரண்டு மொழியோடும் புழங்குவது அங்கே சாதாரணம். வடக்கே போனால், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த கி. ராஜநாராயணனுக்குத்தான் 1991-இல் தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வீட்டுமொழி தமிழைக் குறைத்துவிடும் என்று நம் வட்டாரத்தில் சொல்வது, நம் ஊரையே நாம் மறந்துவிட்டதைப் போன்றது. அப்பா சொல்வது உங்கள் மீதுள்ள அக்கறையில்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு மலையாளம் வெறும் பாடம் அல்ல. இரண்டு ஆண்டு தொலைபேசியில் மட்டுமே பார்க்கப்போகும் தகப்பனின் குரல் அது.

ஆகவே கணவரிடம் சொல்லுங்கள்: தினமும் அழைக்கும்போது "சாப்பிட்டாயா, படித்தாயா" என்று கேட்டு வைத்துவிடக் கூடாது. பதினைந்து நிமிடம், மலையாளத்தில் ஒரு கதை. தொடர்கதையாக இருந்தால் மிக நல்லது, மறுநாள் என்ன ஆனது என்று பிள்ளையே கேட்பான். தான் சிறுவயதில் புனலூரில் செய்த குறும்புகளைச் சொன்னாலே ஆறு மாதத்துக்குப் போதும்.

இப்போது மகள். ஆச்சிக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள் என்றால், ஆச்சியின் தமிழ் அவளுக்குப் புரிகிறது என்று பொருள். புரிதல் உள்ளே இருக்கிறது, வாய்க்குத்தான் வரவில்லை. "தமிழில் சொல்" என்று எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைக்காதீர்கள். அப்படிச் செய்தால் தமிழ் அவளுக்குப் பரீட்சையாகிவிடும், வாயை மூடிக்கொள்வாள். ஆச்சி செய்ய வேண்டியது எளிது. அவள் "ஹைட் அண்ட் சீக்" என்று சொன்னால், "கண்ணாமூச்சியா? யார் ஒளிந்தது?" என்று தமிழில் வாங்கிக்கொண்டு பேச்சைத் தொடர வேண்டும். இருவர் கையிலும் ஒரு வேலை இருந்தால் இன்னும் நல்லது. முருங்கைக்கீரை உருவுவது, பூக்கட்டுவது, தேங்காய் துருவுவது. கண்ணுக்குக் கண் பார்த்துக்கொண்டு வராத சொல், கை வேலையாக இருக்கும்போது வந்துவிடும். இதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

எழுத்துக்கும் பயப்பட வேண்டாம். 247 என்று கேட்டால்தான் மலைப்பு. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, அதன்மேல் கொம்பும் காலும் கொக்கியும். ஏற்கெனவே மூன்று எழுத்துமுறை பழகியவள் அவள். எழுத்துக்கு ஒலி உண்டு என்ற சூட்சுமம் அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாளுக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். முதல் வாசிப்புப் புத்தகமாகத் தென்காசிப் பேருந்து நிலையத்தையே வைத்துக்கொள்ளுங்கள். சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம், கடையம், அம்பாசமுத்திரம் என்று பலகைகள் வரிசையாக வந்து நிற்கும். எந்தப் பஸ் எங்கே போகிறது என்று ஆச்சிக்கு வாசித்துச் சொல்லும் பொறுப்பை அவளிடம் கொடுங்கள்.

இதில் அவசரமும் உண்டு. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது, பின்னர் அது மாநில வாரியத்துக்கு வெளியே உள்ள பள்ளிகளுக்கும் விரிந்தது. எந்தப் பள்ளியில் சேர்த்தாலும், ஐந்தாம் வகுப்பில் புதிதாகத் தமிழ் தொடங்கும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்று சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளியைப் பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். "பன்னாட்டு" என்ற பெயர் எனக்கு எதிரியில்லை. பன்னாட்டுப் பள்ளிகள் பலவற்றுக்குப் பாடத்திட்டம் தரும் ஐபி (இன்டர்நேஷனல் பேக்கலரேட்) அமைப்பு 1968-இல் ஜெனீவாவில் தொடங்கியது. அதன் மேல்நிலைப் படிப்பான டிப்ளமோவில், மாணவர் தனக்கு நன்கு கைவந்த ஒரு மொழியை இலக்கிய ஆழத்தோடு படித்து, கூடவே இன்னொரு மொழியையும் கற்க வேண்டும். இரண்டு மொழியில் அந்த ஆழத்தை எட்டுவோருக்கு இருமொழி டிப்ளமோ என்றே தனியாக உண்டு. பன்னாட்டுக் கல்வியின் வேரிலேயே தாய்மொழிக்கு இடம் இருக்கிறது. அப்படியிருக்க, வாசலிலேயே "வீட்டுமொழியை நிறுத்துங்கள்" என்று சொல்லும் பள்ளியில் அந்தப் பெயருக்குரிய உள்ளீடு இல்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன். அதோடு நாளுக்கு மூன்று மணி நேரம் வேனில். நாலரை வயதுப் பிள்ளை அதில் தூங்கி வழிந்துகொண்டு வருவான். ஆச்சியோடும் உங்களோடும் பேசக் கிடைக்கும் மாலை நேரம் முழுவதையும் ஆலங்குளம் சாலை விழுங்கிவிடும். எவ்வளவு நல்ல பாடத்திட்டமாக இருந்தாலும் இந்த வயதுக்கு அந்த விலை கொடுக்கக் கூடாது.

மகளுக்குப் பக்கத்து சிபிஎஸ்இ பள்ளி போதும் என்பது என் கருத்து. இன்னும் இரண்டு ஆண்டில் நீங்கள் மறுபடி ஊர் மாறக்கூடும், பாடத்திட்டம் அறுபடாமல் இருப்பது அவளுக்கு நல்லது. இரண்டாம் மொழி கற்போரைப் பற்றி ஜிம் கம்மின்ஸ் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் கண்ட ஒன்று இங்கே உதவும். விளையாட்டுத் திடல் பேச்சு ஏறத்தாழ இரண்டு ஆண்டில் வந்துவிடும்; அறிவியலும் வரலாறும் படித்து எழுதும் மொழி வலுப்பட ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும். உங்கள் மகள் மழலையர் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தில் படித்து அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியைக் கடந்துவிட்டாள். அவளுக்கு வீட்டில் ஆங்கிலம் ஊட்ட வேண்டிய தேவையே இல்லை.

மகன் கதை வேறு. அவன் இப்போதுதான் தொடங்குகிறான். நீங்கள் படித்த தெருமுனைப் பள்ளியைக் கடைசியில், கொஞ்சம் கூச்சத்தோடு எழுதியிருக்கிறீர்கள். அதை நான் முதலில் வைத்துப் பார்க்கிறேன். தனக்கு அதிகம் தெரிந்த மொழியில் எழுத்தும் எண்ணும் கற்பது குழந்தைக்கு எளிது. அங்கே கற்ற வாசிப்புத் திறன் அடுத்த மொழிக்கும் கூடவே போகும். யுனெஸ்கோ 1953 முதலே இதைச் சொல்லி வருகிறது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. தமிழ்நாடு ஏற்காத 2020 தேசியக் கல்விக் கொள்கையிலும்கூட, இயன்ற இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை வீட்டுமொழி வழி என்றுதான் இருக்கிறது. இன்னொரு நடைமுறைச் செய்தி: மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010 முதல் உண்டு. 2020 திருத்தத்துக்குப் பின் முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். அந்தக் கதவு மகளுக்கு மூடிவிட்டது, மகனுக்குத் திறந்திருக்கிறது. இதற்காகவே சேர்க்கச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

தமிழ்வழி என்ற ஒரே காரணத்தால் எல்லாப் பள்ளியும் நல்லதாகிவிடாது. நேரில் போங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் அரை மணி நேரம் உட்கார அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் பேசுகிறார்களா, கோரஸாக ஒப்பிக்கிறார்களா? மூன்றாம் வகுப்புக் குறிப்பேடு ஒன்றைப் புரட்டுங்கள். முப்பது நோட்டிலும் அதே வாக்கியம் இருந்தால் கரும்பலகையிலிருந்து எழுதியது. எழுத்துப்பிழையோடு ஒரு சொந்த வாக்கியம் இருந்தால் அந்த ஆசிரியையை நம்பலாம். ஆங்கிலத்தை யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்றும் கேளுங்கள். அங்கே அது பலவீனமாக இருந்தால், பின்னால் ஆங்கிலவழிக்கு மாறும்போது பிள்ளை திணறுவான். உங்கள் வீட்டில் ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது: ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் அக்கா. இரவில் அவள் அவனுக்கு ஆங்கிலக் கதை ஒன்று வாசிக்கட்டும். இதே சோதனைகளை சிபிஎஸ்இ பள்ளியிலும் செய்யுங்கள். தமிழ் பேசினால் அபராதம் என்று எங்காவது எழுதியிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தெருமுனைப் பள்ளி மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால் இரண்டு பேரையும் சிபிஎஸ்இ பள்ளியிலேயே சேருங்கள். வீட்டில் தமிழும் மலையாளமும் நிறைந்திருந்தால் அதிலும் அவன் நன்றாக வருவான்.

வீட்டைப் பற்றி நான் இவ்வளவு சொல்வதற்கு உங்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் ஒரு காரணம். சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போன கடையநல்லூர்க்காரர்கள் 1946-இல் அங்கே எட்டயபுரத்து உமறுப்புலவர் பெயரில் ஒரு தமிழ்ப்பள்ளி நடத்தத் தொடங்கினார்கள். தங்கள் உழைப்பில் பிள்ளைகளுக்குத் தமிழ் வேண்டும் என்று கட்டிய பள்ளி. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதில் மாணவர் குறைந்து 1982-இல் அது மூடப்பட்டது. பின்பு அதே பெயரில் தமிழ் மொழி நிலையம் ஒன்று வந்தது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பள்ளியில் பாடமாக இருக்கிறது, தேர்வு இருக்கிறது. அப்படியும் வீட்டுக்குள் தமிழ்ப் பேச்சு குறைகிறதே என்று அங்கே உள்ளவர்கள் வருந்துகிறார்கள். அவ்வளவு ஏற்பாடு இருந்தும் அந்த நிலை என்றால், இங்கே நாம் வீட்டிலும் நிறுத்திவிட்டுப் பள்ளியை நம்பியிருக்க முடியுமா?

காதுப் பரிசோதனை முடிந்ததும் அறிக்கையில் என்ன இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள். பள்ளி திறப்பதற்குள் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய்வாருங்கள். பகவதிபுரம் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஆரியங்காவு. நிலையப் பெயர்ப்பலகையில் மலையாள எழுத்து வந்துவிடும். அந்த எழுத்தை மகளுக்கு நீங்கள் வாசித்துக் காட்ட முடியாது. ஜன்னலோரம் உட்காரவைத்து அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். பலகையைப் படம் எடுத்து அனுப்பி, அவள் அவரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.